மாப்பிள்ளை கையில் என் கால்

என் கால் என் மாப்பிள்ளையின் கையில் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. யாராவது விசாரித்தால், "பிசியோதெரபியில நல்லாப் பாத்துக்கினாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே மாற்றப் போவதில்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக் கொப்பளித்தபோது தண்ணீர் வாயின் இடது ஓரமாகத் தானாக வழிந்தது. கொஞ்ச நேரத்தில் இடது கையும் காலும் யாருடையவோ போலத் தொங்கின. ஸ்ட்ரோக் என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சுக்கும் பழுதில்லை; அது போயிருந்தால் என் வீட்டுக்காரர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார். கை மெல்ல மெல்ல அசைய ஆரம்பித்தது. கால்தான் கோபித்துக்கொண்டு நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்கள். என் உடம்பைப் பார்த்ததும் ஆனைதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குச் சில நாள் முன்புதான் ஏழாம் மாத வளைகாப்பு முடித்து மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள் அதையாவது செய்யவில்லையென்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி அப்படிப் பேசியவர்களில் நானும் உண்டு. வந்தவாசியிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்.

"நீங்க உடம்பப் பாத்துக்கோங்க. பொண்ண நாங்க இட்டுகினு வந்து வச்சிக்கறோம்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஆடி முடியட்டும், அதற்குள் நான் எழுந்து அடுப்படிக்கும் குளியலறைக்கும் தனியாகப் போய்வர ஆரம்பித்தால் மகள் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் அழைத்துப்போங்கள் என்று பேசி முடித்தோம்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிசியோதெரபி சென்டரில் டிரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். மேலே இரும்புச் சட்டத்திலிருந்து பட்டையான வார்கள் தொங்கும். அவற்றை இடுப்பிலும் இரண்டு தொடைகளுக்கு நடுவிலும் கட்டி என் பாரத்தை மெஷினே தாங்கிக்கொள்ளும். அதற்குப் புடவை ஆகாது. பட்டுப் புடவை வியாபாரம் செய்கிற வீட்டுக்காரி, பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில், மகளுடைய சுடிதார் பேண்டைப் போட்டுக்கொண்டு தொங்கினேன். பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கீழ பாக்காதீங்கம்மா, நேராப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இன்னொரு பெண் மெஷின் பக்கத்தில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, என் இடது காலை ஒவ்வொரு அடிக்கும் கையால் தூக்கி, குதிகால் முதலில் படும்படி வைப்பாள். அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் சந்தவாசல். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவள் அந்த வாரம் முழுக்க வரவில்லை.

அதே வாரம்தான் மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட். செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பகலில் வந்து என்னைக் காரில் கூட்டிப்போனார். வெளியிலேயே நின்றவரைப் பிசியோ பெண் உள்ளே கூப்பிட்டாள்.

"சார், இந்த ஸ்டூல்ல உக்காந்து அம்மா கால எடுத்து வைக்கறீங்களா? எப்படின்னு நான் சொல்றேன்."

கல்யாணத்தில் தாம்பாளத்தில் வைத்து அவர் காலைக் கழுவியவள் நான். அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவர் என் வெடித்த குதிகாலைப் பிடிப்பதா? அதுவும் இந்தப் பேண்டில்?

"தல சுத்துது, இன்னிக்கு வேணாம்" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாளும் தலை சுற்றியது. அதற்கடுத்த நாள் வயிறு சரியில்லை. வீட்டுக்காரர் உட்காரலாம்தான், ஆனால் அவருக்கு முதுகில் டிஸ்க் விலகி, அவரே இடுப்பில் ஒரு பெல்ட்டோடு திரிகிறார். கால் மறுபடி தரையைத் தேய்க்க ஆரம்பித்தது.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"நான் வந்தவாசிக்குப் போனாப் போதும்னு நெனச்சா நேரா சொல்லும்மா. எதுக்கு தல சுத்துது, வயிறு சரியில்லன்னு பேஜார் பண்ற?"

மறுநாள் போனேன். வாரைக் கட்டினார்கள், மெஷின் மெதுவாக நகர்ந்தது, மாப்பிள்ளை ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தார். அவர் கை என் கணுக்காலைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். யார் மேலாவது கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்குப் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். முதல் அடியிலேயே என் வலது கை கம்பியை விட்டு அவர் தோளுக்குப் போய்விட்டது.

"கம்பியப் பிடிங்கம்மா" என்றாள் பிசியோ பெண்.

பிடித்தேன். அடுத்த அடிக்குக் கை மறுபடி போனது. அதற்கடுத்த அடியிலும். இடது கைக்குப் பிடிக்கிற பலம் இல்லை. வலது கையும் விட்டுப்போனதில் உடம்பு சாய்ந்து, வாரில் அப்படியே தொங்கினேன். மெஷினை நிறுத்தினார்கள். தூளியில் போட்ட பிள்ளைபோல, மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தேன். செத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. காலையும் விடவில்லை.

"அத்தை, இப்பவே மொத்தமா ஒரு தபா தொட்டுக் கும்பிட்டுக்கோங்க. அடிக்கு அடி கும்பிட்டுகினு இருந்தா, கொழந்த பொறந்து ஸ்கூலுக்கே போயிடும்."

தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரல் ஈரமாகிவிட்டது. அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், தலையைக் குனிந்தபடியே. கீழே பார்க்காதீர்கள் என்று அவள் எத்தனை சொல்லியும் நிமிர முடியவில்லை. எதிரே பெரிய கண்ணாடி இருந்தது. நிமிர்ந்தால் என்னையும் என் காலடியில் அவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வாரத்தின் மீதி நாளெல்லாம் அப்படித்தான் போனது.

ஊருக்குப் போன பெண் திரும்பி வந்தாள். மெஷினில் நன்றாகவே நடந்தேன். ஆனால் அங்கே தரை காலைப் பின்னால் இழுத்துக்கொடுக்கும். வீட்டுத் தரை அப்படியே கிடந்தது, என் இடது காலும் அப்படியே கிடந்தது. யாராவது தொட்டு நகர்த்தினால்தான் கிளம்பும். ஆடி முடிந்தது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பைகள் காரில் ஏறின. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகள் ஆசீர்வாதம் வாங்கக் குனியப் பார்த்தாள், முடியவில்லை.

"நீ இரு. உனக்கும் சேத்து நானே வாங்கிக்கறேன்" என்று மாப்பிள்ளை குனிந்தார்.

அவர் கை என் இடது காலை நோக்கி வந்தது. ஐயோ, மறுபடியுமா என்று உடம்பு முழுக்கக் கூசியது. கால் வெடுக்கென்று எழும்பிப் பின்னால் போய் நின்றது.

அவர் குனிந்தபடியே என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே மறுபடி கையை நீட்டினார். கால் மறுபடி பின்னால் போனது. அவர் நிமிர்ந்து, ஓர் அடி தள்ளி நின்றார்.

"இப்ப முன்னாடி வைங்க அத்தை."

வைத்தேன். நிலையை விட்டு இன்னொன்றும் வைத்தேன்.

"சந்தோஷம்ங்க. ஆனா பச்ச ஒடம்புக்காரியப் பாக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்" என்றார் சம்பந்தியம்மா. உண்மைதான். ஏற்றிய பைகளை யாரும் இறக்கவில்லை. மகள் அழுதுகொண்டே காரில் ஏறினாள். தலைப்பிரசவத்துக்கு மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பியவள் என்ற பேர் எனக்கு வந்தது வந்ததுதான்.

கார் நகர்ந்தது. அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காரின் சக்கரத்தையே பார்த்தேன். கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்தார்.

"கீழ பாக்காதீங்க அத்தை."

அப்போதுதான் நிமிர்ந்தேன். வாசல் எனக்குப் பின்னால் இருந்தது. நான் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.