நானாவை வெல்ல நினைத்தேன்

நாற்பது வயதில் போன் கேம் விளையாடி அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதில் நான் தம்பி. கோட்டையைப் பிடித்து வைத்திருக்கும் அண்ணனை வீழ்த்த வேண்டும். பாலாவியில் அடுத்தடுத்து உப்பளம் வைத்துக்கொண்டு, வரம்புச் சண்டையால் கூடப்பிறந்த அண்ணன், என் நானாவோடு இரண்டு வருடமாகப் பேசாத எனக்கு அது நன்றாகவே பிடித்தது. வழியெல்லாம் யாரோ காயம் ஆற மருந்து வைத்திருந்தார்கள். அதைக் குடித்துக் குடித்தே முன்னேறி, கடைசியில் அண்ணனை வெட்டினேன். பிறகுதான் கதையில் தெரிந்தது, மருந்து வைத்தவனே அவன்தான்.

அங்கேதான் அழுதேன். போன மழைக்கு நான் கொழும்பில் நின்றபோது என் உப்புக் குவியலைத் தென்னங்கிடுகு போட்டு மூடியது யார்? உப்பளத்தில் வேலை செய்பவரிடம் கேட்டேன்.

"ஒங்கட நானாதான். சொல்ல வாணாமெண்டு சொன்னாரு."

அடுத்த மழை கறுத்ததும் நானாவின் உப்பளத்துக்கு ஓடி, முதலில் அவர் குவியலை மூடினேன். மூச்சிரைக்க என் பக்கம் திரும்பினால், என் குவியல் ஏற்கெனவே மூடியிருந்தது. கடைசிக் கிடுகோடு காற்றில் தடுமாறிக்கொண்டு நின்றார் நானா.

"எங்கடா போன? இந்தப் பக்கத்தப் புடி."

பிடித்தேன். இதிலும் முந்திவிட்டார். அடுத்த மழைக்கு விடமாட்டேன்.