மூன்று மாதத்துக்கான மாத்திரை

அவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பதினான்கு வருடமாக அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தபடியே அவருக்கு வேலை. மிதிப்பது நாளைக்கு இருபது முப்பது தடவைதான். மிதிக்காமல் தயாராக வைத்திருப்பதில்தான் கெண்டைக்கால் செத்துப்போகும். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். இதையெல்லாம் சிக்னலில் நிற்கும் நேரங்களில் துண்டு துண்டாக அவரே சொன்னார்.

காலை ஆறரைக்கு முதல் ஆள், மாலை ஆறுக்குக் கடைசி ஆள். நடுவில் வருகிற எல்லோரும் பயத்தில் ஸ்டியரிங்கை நெரிப்பார்கள், கிளட்சை விட்டு வண்டியைக் குதிக்க வைப்பார்கள். அவர் யாரிடமும் கத்தியதில்லை. “கத்தறதுக்கும் தெம்பு வேணும் இல்ல?” என்பார்.

முப்பது வயதில் அவருக்குத் தாடையோரம் பரு வந்தது. சின்ன வயதில் வராதது அப்போது வந்தது. தோலுக்கு அடியில் கொட்டை கொட்டையாக, தொட்டால் விண்ணென்று தெறிக்கும். ஓட்ட வந்தவர்கள் ரோட்டைப் பார்க்காமல் அவர் தாடையைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்தார், இரண்டு மாதத்துக்கு. முகம் துடைத்துவிட்டது மாதிரி ஆனது. நிறுத்தினார். அடுத்த மாதமே திரும்ப வந்தது.

அதற்குப்பிறகு அவர் டாக்டரிடம் போகவில்லை. லீவு கிடைக்க வேண்டும், வரிசையில் உட்கார வேண்டும், யாரால் முடியும்? பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டினார். தெரிந்த கடைக்காரர். கொஞ்ச நாளில் சீட்டுகூடக் கேட்பதில்லை, அவரைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். பரு வந்தால் சாப்பிடுவது, போனால் விடுவது என்று கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓடியது.

பிறகு ஒருநாள் சிறுநீரில் எரிச்சல். அதோடு காய்ச்சல், உடம்பைத் தூக்கிப்போடும் குளிர். இரண்டு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் வரிசையாகப் பல மருந்துகளுக்கு எதிரே ‘கேட்காது’ என்று இருந்தது. நரம்பில் ஊசி ஏற்றி ஒன்பது நாள் படுக்க வைத்தார்கள்.

“இதுக்கு முன்னாடி அடிக்கடி ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்திருக்கீங்களா?” என்று வார்டு டாக்டர் கேட்டார்.

“முகத்துக்கு எடுத்தேன்.”

“எவ்வளவு நாள்?”

சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “அதனாலதான் இப்படின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சம்பந்தமே இல்லன்னும் என்னால சொல்ல முடியாது.”

அந்தப் பதில்தான் அவரை வாட்டியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் என்னிடம். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த அட்டைகளையெல்லாம் கடையில் கொடுத்துவிட்டார். பரு திரும்ப வந்தது. அவரும் அதோடு வாழப் பழகிக்கொண்டார்.

இது நடந்து ஏழு வருடம் கழித்து அவர் மகளுக்கும் பரு ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது பதினாறு. முதலில் நெற்றியில் மட்டும், பிறகு இரண்டு கன்னத்திலும். ஆறே மாதத்தில் உள்ளே வேரோடிய கட்டிகள். காலையில் தலையணை உறையில் ரத்தமும் சீழும் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். அவள் அதை யாருக்கும் தெரியாமல் துவைத்து, குளியலறைக் கம்பியில் போட்டுவிடுவாள். பள்ளியில் குரூப் போட்டோ எடுத்த அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கவில்லை.

இடது கன்னத்தில் ஆறிய இடங்களில் குழி விழ ஆரம்பித்ததும்தான் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்த அந்தப் பெண் டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ஏற்கெனவே தடவிய களிம்புகளைப் பற்றிக் கேட்டார். பிறகு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயரைச் சொன்னார். பிரேக் அக்கா எழுந்தே விட்டார்.

“அந்த மாத்திரை வேண்டாம் மேடம். களிம்பு மட்டும் குடுங்க.”

“ஏன்?”

எழுந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உங்க பயத்துல நியாயம் இருக்கு,” என்றார். “ஆனா நீங்க சாப்பிட்ட விதம் வேற, நான் சொல்றது வேற. இது பருவை ஒழிக்காது. வீக்கத்தையும் வலியையும் அடக்கும், புதுசா குழி விழறது குறையும். அதுக்குள்ள களிம்பு பிடிக்க ஆரம்பிக்கணும். களிம்பு இல்லாம மாத்திரை மட்டும்னா நான் எழுதவே மாட்டேன். கிருமி மருந்துக்குப் பழகிடும். மூணு மாசம், அதோட நிறுத்திடணும். களிம்பு மட்டும் தொடரும்.”

“பக்க விளைவு?”

“இருக்கு. வயிறு புரட்டும். வெயில்ல தோல் சீக்கிரம் கருகும். தண்ணி இல்லாம முழுங்கிட்டுப் படுத்தா உணவுக்குழாய் புண்ணாகும். அபூர்வமா தாங்க முடியாத தலைவலி வரலாம், கண் மங்கலாம். அப்படி வந்தா அன்னைக்கே நிறுத்திட்டு வாங்க. உங்களுக்கு வந்தது இவளுக்கு வராதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மாத்திரை குடுக்காம விட்டா குழி விழாதுன்னும் சொல்ல முடியாது.”

பிறகு மகளிடம் தனியாகச் சில கேள்வி கேட்க வேண்டும் என்று அவரை வெளியே அனுப்பினார். கர்ப்பம் இருந்தால் இந்த மாத்திரை கூடாதாம், யாரானாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாராம். பெஞ்சில் உட்கார்ந்த பிரேக் அக்காவுக்குக் கால் குடைந்தது. அன்றைக்கு இரண்டு வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். யோசிக்க வேண்டும் என்று தெரிகிறது, யோசனை ஓடவில்லை. யாராவது ‘கொடு’ என்றோ ‘கொடுக்காதே’ என்றோ சொல்லிவிட்டால் போதும் போல இருந்தது.

சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு நாள் அது சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைபவர், வேலை முடிந்து மத்தியானம் வருவார். “எல்லாத்துக்கும் பிரேக்கை மிதிச்சா வண்டி எப்படிம்மா நகரும்?” என்றார். பிரேக் அக்கா சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் மகள் கேட்டாள்:

“உனக்கு வந்ததுக்கு என் மூஞ்சி ஏம்மா பொறுப்பு?”

“உன் நல்லதுக்குத்தாண்டி.”

“நீ ரெண்டு வருஷம் யாரையும் கேக்காம சாப்பிட்ட. எனக்கு மூணு மாசம் டாக்டரைக் கேட்டு சாப்பிடக்கூட விடமாட்டேங்கற.”

பிரேக் அக்கா உப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தார். அன்று மாலையே மாத்திரையை வாங்கி வந்தார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பந்து விளையாடப் போய் மூக்கும் நெற்றியும் சிவந்து உரிந்ததுதான் மிச்சம். ஒரு தொப்பி வாங்கிக்கொடுத்தார். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு போவாள், தலையில் வைக்க மாட்டாள். களிம்பு வேறு போர்வை, துண்டு எல்லாவற்றையும் வெளுத்துவிட்டது.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிறு காலை. ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு மகள் மறுபடியும் போய்ப் படுத்தாள். எழுந்தபோது நெஞ்சுக்கு நடுவில் கத்தி வைத்த மாதிரி வலி. எச்சில்கூட இறங்கவில்லை. பிரேக் அக்கா பயிற்சி காரிலேயே அவளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இதயத்தில் ஒன்றுமில்லை, மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கியிருக்கிறது என்றார்கள். நாலு நாள் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது.

“போதும்,” என்றார் அம்மா. “இத்தோட விட்டுடு.”

தோல் டாக்டரைப் பார்த்தார்கள். புண் ஆறும்வரை நிறுத்தச் சொன்னார், பிறகு தொடர்வது அவர்கள் விருப்பம் என்றார். வேறு மருந்தும் உண்டு, அதற்கும் அதன் தொல்லைகள் உண்டு என்றார். மகள் கண்ணாடியில் வலது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே பதினைந்து நாளாகப் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை.

“நான் தொடரப்போறேன்மா. சாப்பிட்டுட்டு, முழு டம்ளர் தண்ணியோட, உட்கார்ந்துட்டே.”

“எனக்கு உன்னோட சண்டை போட முடியலடி.”

“அப்ப போடாத.”

அவர் ஒரு வேலை மட்டும் செய்தார். தினமும் மகள் மாத்திரை போட்டபிறகு அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தார். மகள் போனைப் பார்ப்பாள், இவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார். சில நாள் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடும். மகள்தான் தட்டி எழுப்புவாள்.

மூன்றாம் மாதம் முடிகிற நேரம் கட்டிகள் அடங்கிவிட்டன. முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. சிவந்த தடங்கள் இருந்தன, இடது கன்னத்துக் குழிகள் அப்படியே இருந்தன. ஆனால் தலையணை உறை சுத்தமாக இருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, களிம்பை மட்டும் தொடரச் சொன்னார். அதை வாங்க இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். இப்போது கடையில் நிற்பது பழையவரின் மருமகன்.

“மாத்திரை இன்னொரு மாசத்துக்குத் தரட்டுமாக்கா? நல்லாத்தானே கேக்குது.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். “ஒரே ஒரு மாசம்மா. நிறுத்தினா திரும்ப வந்துடும்.”

“வரலாம்.”

“அப்ப வாங்கும்மா.”

“நானும் இப்படித்தாண்டி ஒரே ஒரு மாசம்னு வாங்கினேன். கடைக்காரரு குடுத்தாருன்னு இத்தனை வருஷமா அவர்மேல பழி போட்டுட்டிருக்கேன். அவரா குடுக்கல. நான்தான் கெஞ்சினேன்.”

கடை வாசலிலேயே மகள் அழுதாள். களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நடந்து வீட்டுக்கு வந்தார்கள். பத்து நாள் பேச்சில்லை. ஆறு வாரத்தில் தாடையில் நாலு பரு வந்தது. மகள் அதைக் கொண்டுவந்து காட்டினாள், பார்த்துக்கோ என்கிற மாதிரி. அம்மா பார்த்தார். நாலோடு நின்றது. அதில் ஒன்று மட்டும் தழும்பானது.

இப்போது மகள் வெளியூரில் படிக்கிறாள். நான் கடைசி வகுப்புக்குப் போன அன்று அவளிடமிருந்து போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் பேசினார். விடுதியில் ஒரு பெண் ஏதோ மாத்திரை கொடுத்தாளாம், முகத்துக்கு நல்லதாம்.

“அட்டையில என்ன எழுதியிருக்கு, படி. ம். வேண்டாம். அங்கயே டாக்டரைப் பாரு… சரி, தெரியும்னா எதுக்குக் கூப்பிட்ட?”

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் போனை மடியில் வைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தார்.

“அவளுக்குக் குடுத்தது சரியா தப்பான்னு இன்னும் எனக்குத் தெரியாது,” என்றார். “ரெண்டு பக்கமும் பயமாத்தான் இருந்துச்சு. ஒரு பக்கம் போனோம்.”

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். நான் எஞ்சினை அணைத்தேன். அவர் பிரேக்மேல் தூக்கிப் பிடித்திருந்த பாதத்தைக் கீழே வைத்தார்.