மகளின் ஊரைப் பார்க்க ஒன்றரை நாள்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. மன்னித்துவிடுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இருபது வருடமாகத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நிற்கிறேன். நாலு பேர் சேர்ந்து பேசினால் பின்னால் நிற்கிற ஆள். ஒரே ஒரு நகரத்தை, அதுவும் ஒன்றரை நாள் பார்த்துவிட்டு வந்து, புது ஊருக்குப் போவது எப்படி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாக்களுக்கு ஏதாவது உதவினால் சரி.

எங்கள் மகள் டிப்ளமோ முடித்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்துவந்தாள். அவர்களுடைய பெங்களூர் ஆலையில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லிப் பத்து நாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். அவள் போய் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். இருக்கிறாளா, திரும்புகிறாளா என்பதைத் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். திரும்பினால் இங்கே ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. அவளுக்கு இருக்கத்தான் ஆசை. என் மனைவிதான் பிடி கொடுக்கவில்லை.

"ரூமை நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் இருக்கறதா வாணாமான்னு சொல்லுவேன். போன்ல காட்டற வேலையெல்லாம் வாணாம்."

சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று முடிவானது. விடுதியில் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் சனிக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரை மட்டும்தான். இதை மகள் மூன்று முறை சொன்னாள். நான் ஒரு தாளில் திட்டம் எழுதினேன். பட்டறையில் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று எழுதுகிற மாதிரி, விதான சவுதா இருபது நிமிடம், லால்பாக் நாற்பது நிமிடம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நிரப்பிவிட்டேன். மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு எங்க நேரம் உட்டுக்கிறீங்க?"

"நடந்துக்கினே சாப்ட்டுக்கலாம்."

"அப்ப மூச்சையும் அப்பிடியே நடந்துக்கினே உட்டுக்கலாம்."

திட்டத்தில் பாதியை அடித்தேன். முதல் முறை போகிற ஊரில் ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இப்போது என் எண்ணம். மற்றதெல்லாம் நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூர் வண்டி எங்கள் ஊரான செவ்வாப்பேட்டையில் நிற்காது. அதனால் விடியற்காலை முதல் லோக்கலைப் பிடித்துச் சென்னை சென்ட்ரல் போய், அங்கே ஏறினோம். ஒரு மணி நேரத்தில் அந்த வண்டி எங்கள் ஸ்டேஷன் வழியாகவே வேகமாகப் போனது. மனைவி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "நம்ம டீக்கடைக்காரரு இப்பத்தான் கடையத் தொறக்கறாரு. நாம இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் போய்ட்டு வர்றோம்?" எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய், தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலைத் தூக்கிக்கொண்டேன்.

பைகளைப் பற்றி ஒன்று. இரண்டு பேருக்கு ஒரு பை போதும். நாங்கள் மூன்று கொண்டுபோனோம். ஒன்றில் முழுக்கத் தண்ணீர். மனைவி மீஞ்சூரில் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், எந்த ஊர்த் தண்ணீரையும் நம்பமாட்டாள். பெங்களூரில் இறங்கியதும் ஒரு குழாயில் கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். அதுவரை சுமந்து வந்தவன் நான்.

ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். சாப்பிட்டு, மனைவியின் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்து, மூன்றரைக்குக் கிளம்பினோம். மெட்ரோ பிளாட்பாரத்துக்குப் போனபோது மணி நாலு. மகள் இருக்கும் இடம் அங்கிருந்து எட்டு ஸ்டேஷன். நேரம் தாராளமாக இருந்தது.

வண்டி வந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. அடுத்ததும் அப்படியே. மனைவியால் அந்த முழங்காலோடு நிற்க முடியாது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது.

செவ்வாப்பேட்டைக்காரர்கள் காலையில் செய்கிற ஒரு காரியம் உண்டு. சென்னைக்குப் போகிற லோக்கல் எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது நிரம்பியிருக்கும். அதனால் எதிர்ப்பக்கம் வருகிற வண்டியில் ஏறி, இரண்டு ஸ்டேஷன் பின்னால் திருவள்ளூர் போய், அங்கிருந்து புறப்படும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவோம். சீசன் டிக்கெட் இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை. யாரும் யாரையும் கேட்பதில்லை.

"எதிர் வண்டில போய் சீட்டு புடிச்சுக்கினு வந்துடலாம்," என்றேன்.

"இங்கயும் அப்பிடித்தானா?"

"எல்லா ஊர்லயும் அதான்."

எனக்கு எப்போதாவதுதான் இப்படி உறுதியாகப் பேச வரும். ஏறினோம். கடைசி ஸ்டேஷன் இரண்டாவதாக வரும் என்று உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. அது வரவே இல்லை. நான் கதவுக்கு மேலே இருந்த பெயர்களை எண்ணிக்கொண்டே நின்றேன். பத்துக்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டேன். ஊர் முடிந்து தென்னந்தோப்பு வந்தது. கடைசியில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். படியேறி, படியிறங்கி, அடுத்த பக்கம் போய்க் காத்திருந்து ஏறினோம். சீட்டு கிடைத்தது. மனைவி கால் நீட்டி உட்கார்ந்து, "நல்லாத்தான் கீது," என்று தூங்கிவிட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக வந்தேன்.

இறங்கும்போது ஆறு. வெளியே போகும் கதவு எங்கள் டிக்கெட்டுக்குத் திறக்கவில்லை. உள்ளே அதிக நேரம் இருந்துவிட்டோமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் நான் செய்தது, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

"போய்க் கேளுங்க."

"கூட்டம் குறையட்டும்."

"இன்னா கூட்டம் குறையறது, புள்ள அங்க காத்துக்கினு கீது." அவளே போய்க் கண்ணாடிக்குள் இருந்தவரிடம் தமிழில் கேட்டாள். அவர் கன்னடத்தில் பதில் சொன்னார். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. புது ஊரில் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள் என்று நான் எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வெட்கப்படுகிறவர்கள், கேட்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது. காவலாளி உள்ளே விடவில்லை. மகள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள், நடந்ததைச் சொன்னேன்.

"நைனா, இது நம்மூரு லோக்கலா? காலைலேர்ந்து ரூமைப் பெருக்கித் தொடச்சி, பக்கத்து ரூம் அக்காகிட்ட பெட்சீட்டு வாங்கிப் போட்டு வச்சிக்கிறேன்." அவள் கண் கலங்கிவிட்டது. வார்டன் அம்மாவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். முடியாது என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரையும் விடுவதில்லை.

தப்பு என்னுடையது. காம்பவுண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் என் மனைவியே, "மேல போய் போன்ல காட்டு," என்றாள்.

மகள் மாடிக்கு ஓடினாள். நாங்கள் தெருவில் நின்றபடி, அந்த அறையை என் போனில் பார்த்தோம்.

"ஜன்னல்ல கம்பி கீதா? ஆட்டிக் காட்டு. கட்டிலுக்குக் கீழ காட்டு. அது இன்னா மூட்டை?"

"அழுக்குத் துணிம்மா."

"பெட்சீட்டு மட்டும் கடன் வாங்கத் தெரியுது."

காவலாளியும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு என் மனைவி அவளைக் கீழே வரச் சொல்லி, "தினமும் வேலை முடிஞ்சி வர்ற வழிய காட்டு," என்றாள். ஆலைப் பேருந்து இறக்கிவிடும் நிறுத்தம் வரை மூவரும் நடந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. அவள் திரும்பி வருகிற நேரமும் அதுதான். விளக்கெல்லாம் எரிந்தது. மருந்துக்கடை, பேக்கரி, இஸ்திரி வண்டி. பூக்காரம்மா மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் கன்னடத்தில் பதில் சொன்னாள். ஐந்தாறு வார்த்தைதான் இருக்கும்.

"அது இன்னா சொல்லுது?"

"இவங்கதான் உன் அம்மாவான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

மனைவி அந்தம்மாவிடம் ஒரு முழம் வாங்கினாள். அதிலும் பாதியைக் கிள்ளி மகள் தலையில் வைத்தாள். ஒரு திருப்பத்தில் விளக்கு இல்லாத இடம் இருந்தது. அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "இந்த எடத்துல மட்டும் அந்தப் பக்கமா வா," என்றாள். மகள் தலையாட்டினாள். நாங்கள் நாலரைக்கே வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இந்த வழியை வெளிச்சத்தில்தான் பார்த்திருப்போம். பிள்ளை இருக்கப்போகிற ஊரைப் பிள்ளை நடக்கிற நேரத்தில் பாருங்கள். எனக்குத் தெரிந்த யோசனையில் உருப்படியானது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போகவில்லை. மகள் விடுதியிலிருந்து வந்தாள், மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். மனைவி ஒரு பெட்சீட்டு, மூடி போட்ட பக்கெட்டு, துணி காயப்போடக் கயிறு என்று பேரம் பேசி வாங்கினாள். மகள் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கறீங்க ரெண்டு பேரும்? கடன் வாங்கன பெட்சீட்டத் தொவச்சிக் குடுத்துடு. நீ இங்க இருந்துக்கினு எங்க பேரைக் கெடுக்காத."

மத்தியான வண்டியில் திரும்பினோம். எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போது இருவருமே தூங்கிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை நான் முதல் ஷிப்டு. காலையில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மகள் அனுப்பிய செய்தியைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்.