சுரண்டி எடுத்த புள்ளிகள்

மாத்தளை நகரில் ஒரு கராம்புக் கடையின் மாடியில் இருந்துகொண்டு, பழைய விசைப்பலகைகளைப் புதிய கணினிகளோடு பொருத்திக் கொடுப்பவர் பலீல். வயது அறுபத்தொன்று. பதினெட்டு வருடம் கொழும்பில் கணினி திருத்திவிட்டு ஊர் திரும்பியவர். வாரத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். மனைவி நஸ்மியா மௌத்தாகித் தனியாளான பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. அழுக்கை மட்டும் கண்டால் பொறுக்கமாட்டார்.

2023 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ரஜிதா படியேறி வந்தாள். எல்கடுவைத் தோட்டத்துப் பெண். ஒரு நொத்தாரிசு வழக்கறிஞரிடம் பதின்மூன்று வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவள். செங்கல் கனத்தில் ஒரு விசைப்பலகையை மேசையில் வைத்தாள். அதன் வயர் நுனியில் ஐந்து ஊசி கொண்ட உருண்டைச் செருகி.

"என்ன தங்கச்சி, மியூசியத்துக்குக் குடுக்காம இங்க கொண்டு வந்தீக்கிறீங்க?"

"சிரிக்காதீங்க நானா. ஆபீஸ்ல புது லெப்டொப் வாங்கிட்டாங்க. அதுல அடிச்சா எல்லாம் பிழையா வருது. திங்கக்கிழம ஒரு உறுதிய பிழையில்லாம அடிச்சுக் காட்டலைன்னா வேற ஆள் பார்ப்பேன்னு ஐயா சொல்லிட்டாரு. எனக்கு என்னோட இந்தக் கீபோர்ட் கட்டையிலதான் கை ஓடும்."

"சனிக்கிழம பின்னேரம் வாங்க."

அன்றே அதைத் திறந்தார். உருண்டைச் செருகியை வெட்டி, உள்ளே இருந்த நான்கு வயர்களை நெருப்புப்பெட்டியிலும் சிறிய ஒரு சுற்றுப்பலகையில் பற்றவைத்தார். பழைய விசைகளின் சமிக்ஞையைப் புதிய கணினிக்குப் புரியும்படி மாற்றும் நிரலை அதில் ஏற்றினார். நூற்றொரு விசையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தவறவில்லை.

பிறகுதான் விசைகளின் மேல் ஒட்டியிருந்த கறுத்த கட்டிகளைக் கவனித்தார். பல வருடத்து ஊத்தை என்று நினைத்தார். விசைகளைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் ஒவ்வொரு கட்டியையும் சுரண்டினார். வேலைக் கொப்பியில் வயர்களின் நிறம் வரைக்கும் எழுதியவர், இதற்கு 'துப்புரவு செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினார்.

சனிக்கிழமை வந்த ரஜிதா விரல்களை விசைகளின் மேல் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

"நானா, இதுல சின்னச் சின்னதா மேடு இருந்துச்சே?"

"ஊத்தம்மா. எல்லாத்தயும் சுரண்டிட்டேன். இப்ப புதுசு மாதிரி ஈக்குது, பாருங்க."

"ஊத்தையில்ல நானா. நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ், நான் வச்சது." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஆறு வருசமா ஒவ்வொரு சொட்டா வச்சு, தடவித் தடவித்தான் அடிக்கிறேன்."

"யா அல்லாஹ்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"யாருக்கும் சொல்லலை. ஐயாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாரு. நீங்களும் சொல்லிராதீங்க."

பலீல் கீழே ஓடி ஒரு குப்பி கியூட்டெக்ஸ் வாங்கி வந்தார். எந்தெந்த விசை என்று கேட்டார். அவள் வெறும் மேசையில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பதினொன்றுக்கு மேல் நினைவு வரவில்லை.

"கைக்குத்தான் தெரியும் நானா. கேட்டா சொல்லத் தெரியல."

பதினொரு சொட்டு வைத்துக் காயவிட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவள் அடித்த உறுதியில் காணியின் வடக்கெல்லையும் கிழக்கெல்லையும் பிழையாக இருந்தன. நொத்தாரிசு அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை செய்தி அறிந்து, பலீல் தானே மாடியிலிருந்த அந்த அலுவலகத்துக்குப் போனார்.

"பிழை என்னோடது சேர். கீபோர்ட்ட நான்தான் கெடுத்துட்டேன். அந்தப் புள்ளைக்கு ஒரு கிழம தவணை குடுங்க."

மேசையில் இருந்த விசைப்பலகையை நொத்தாரிசு தம் பக்கம் இழுத்து இரண்டு வரி அடித்தார். எழுத்துகள் திரையில் வரிசை குலையாமல் வந்து விழுந்தன.

"எங்க கெட்டிருக்கு? புதுசவிட நல்லா வேலை செய்யுதே. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல பலீல். அவதான் கவனமில்லாம அடிச்சிருக்கா."

கண்ணைப் பற்றிச் சொன்னால் கவனக்குறைவு என்ற பழி நீங்கும். ஆனால் இந்த நகரில் வேறெந்த அலுவலகமும் அவளை எடுக்காது.  பலீல் விசைப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே ரஜிதா தன் பொருட்களை ஒரு பையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டீங்களா நானா?"

"இல்லம்மா."

அவள் தலையசைத்தாள். விசைப்பலகையை வாங்கிப் பையில் செருகினாள். தெருமுனையில் ஒரு பஸ் திரும்பியது.

"பஸ் நெத்தியில இருக்கிற போர்ட்ட மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. எல்கடுவ பஸ்ஸா அது?"