மாலையோடு வந்த கியர் கம்பி

"இது என் கண்ணால பாத்த நிஜம். வரிசையில நானூறு வண்டி நின்னுச்சும்பேன், நாப்பதுதான் நின்னிருக்கும். அந்த அளவுக்கு இழுப்பேன். மத்ததெல்லாம் நிஜம்." எல் ஆல்டோ என்ற எங்கள் மலைமேட்டு நகரத்தின் மினிபஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களிடம் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

மெக்கானிக் இலாரியோன் இருபத்தாறு வருடமாக எங்கள் மினிபஸ்களின் அடியில் படுத்திருப்பவன். ஊருக்கு அவன் முகத்தைவிடப் பாதம்தான் நன்றாகத் தெரியும். இந்தக் குளிர்ந்த மேட்டை விட்டு அவன் கீழே இறங்கியதே இல்லை. வெயிலும் ஆரஞ்சும் உள்ள யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு மனைவியோடு ஒருமுறை போய்வர, இருவர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான்.

அதில் கியர் கம்பி சூப்பில் விட்ட கரண்டிபோல ஆடியது. இரண்டாவது போட்டால் நான்காவது விழும். நான்காவது போட்டால் வண்டி உட்கார்ந்து யோசிக்கும். கம்பியின் அடிக்குமிழைப் பிடித்திருக்கும் புஷ் என்ற பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருந்தது. புதுசு கிடைக்கவில்லை. மனைவி பெத்ரோனா இறைச்சி வெட்டும் பிளாஸ்டிக் பலகையில் ஒரு மூலையை அறுத்து, ராவி, அவனே ஒன்று செய்து மாட்டினான்.

பெத்ரோனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "கோபகபானா மாதா கோயில்ல ஃபாதர் ஆசி சொல்லித் தண்ணி தெளிக்காம இதுல ஏற மாட்டேன். இன்னைக்கு நடக்கலைன்னா நாளைக்கே வித்துடு."

அவள் என் மினிபஸ்ஸில்தான் வந்தாள். கோயில் வாசலில் ஆசிக்கு நின்ற வண்டி வரிசையில் இலாரியோனுக்கு முன்னால் லாரி, பின்னால் நான், பக்கத்தில் சுவர். நாங்கள் எல்லோரும் பூமாலையை பானெட்டில் போட்டோம். அவனுக்கோ புது கியரின் மேல் பெருமை. கன்றுக்குட்டி எடையுள்ள மாலையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் கியர் கம்பியில் கட்டினான். மாலை கோணலாக இருக்கிறதென்று பெத்ரோனா வெளியிலிருந்து ஒரு இழு இழுத்தாள். கம்பியும் சேர்ந்து அவள் கைக்கு வந்துவிட்டது.

கழன்ற புஷ் கம்பி இருந்த ஓட்டைக்குள் உருண்டது. இலாரியோன் கையை விட்டு எட்டிப் பிடித்தான். மூடிய கை வெளியே வரவில்லை. கையைத் திறந்தால் புஷ் கியர் பெட்டிக்குள் விழுந்துவிடும்.

"விட்டுட்டு வாய்யா," என்றாள் பெத்ரோனா.

"விட்டா வண்டி காலி."

"அப்ப அங்கேயே குடித்தனம் பண்ணு. நான் கிரீஸ் தேடிட்டு வரேன்." கம்பியும் மாலையுமாக லாரிகளின் பக்கம் போய்விட்டாள்.

பாதிரியார் மூன்று வண்டி தள்ளி வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், ஃபாதர் வர்றாரு. எந்திரி," என்றேன்.

"நான் ரெடி மச்சான், கார்தான் விடல." சீட்டில் அழுந்திய முகத்தோடு மெதுவாகச் சொன்னான். "இருபத்தாறு வருஷமா அடியில கெடந்தேன். இப்ப உள்ளேயும் கெடக்கேன். வெளிய ஒரு நாள் கெடைக்காதா?"

பாதிரியார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தெரிந்தது பின்பக்கம் மட்டும்தான்.

"இப்படிக் குப்புற விழுந்து கும்பிடுறவன நான் பாத்ததில்லை," என்று நெகிழ்ந்து, பானெட்டுக்குத் தெளித்தது போக மீதி வாளியை அவன்மேல் கவிழ்த்தார். தண்ணீர் தோளிலிருந்து கை வழியாக இறங்கியது. முஷ்டி வழுக்கி, புஷ்ஷோடு வெளியே வந்தது.

பெத்ரோனா கிரீஸோடு திரும்பியபோது பாதிரியார் அன்றைய ஆசியை முடித்துக் கோயில் கதவைச் சாத்திவிட்டார்.

"ஆசி கெடைச்சாச்சு, ஏறு," என்றான் நனைந்த இலாரியோன்.

அவள் கம்பியைத் தூக்கிக் காட்டினாள். "வண்டிமேல தண்ணி விழுந்துச்சு. இதுமேல விழலையே."

இதைச் சொல்லி நான் மூச்சு வாங்குவதற்குள், நிறுத்தத்தில் கதை கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் ரூஃபினோ எழுந்துவிட்டான். "கம்பி காரோட உறுப்புய்யா. உடம்புக்குக் கெடைச்சா கைக்கும் கெடைச்ச மாதிரிதான்."

"உன் கை உன் உடம்புல இருக்கு. அந்தக் கை லாரிக்குப் பின்னால கிரீஸ் பிச்சை எடுத்துட்டு இருந்துச்சு," என்றாள் சோளக்கஞ்சி விற்கும் கிரெகோரியா.

"ஆசியப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"போன வருஷம் சைடு கண்ணாடி இல்லாமப் போய் ஆசி வாங்குனே. வர்ற வழியில அந்தப் பக்கத்தையே இடிச்சது யாரு?"

ரூஃபினோ தொப்பியைத் தரையில் அடித்தான். கிரெகோரியா அகப்பையை ஓங்கினாள். பெத்ரோனா ஏறினாளா என்று சொல்ல நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். நடுவில் பேசாதே என்று இரண்டு பக்கத்தாரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.