எங்க தூண மட்டும் வுட்டுடுங்க

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். பரீட்சை ஹாலில் விக்கியே பக்கத்து பெஞ்சுக்காரனையும் ஃபெயிலாக்கினேன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் உண்டு. ஆனால் என் வாழ்நாளின் மிகப் பெரிய விக்கல் எங்கள் ஊர்க் கல்சாவடியில்தான் வந்தது.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நடு ஊரில் அந்தச் சாவடி. கட்டியது எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். கருங்கல் தூண், கருங்கல் கூரை. பஞ்சாயத்து, சீட்டாட்டம், மதியத் தூக்கம் எல்லாம் அங்கேதான். மழை பெய்தால் வெளியே நிற்பவனைவிட உள்ளே இருப்பவன் அதிகமாக நனைவான். அதனால் அதை விற்றுவிட்டு, ஃபேன் வைத்த தளக் கட்டடம் ஒன்று கட்டலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் ஊர் ஒரே குரலில் பேசினால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அந்த அறிவு அப்போது எனக்கில்லை. கல்யாண ஆசை மட்டும்தான் இருந்தது.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெண்ணின் அப்பா பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு அவர் கல்தூண் தேடுகிறார் என்று தெரிந்ததும் என் வாய் முந்திக்கொண்டது.

"எங்க ஊரு சாவடியே இருக்குதுங்க மாமா. நான் சொன்னா ஊரே கேக்கும்."

நான் சொன்னால் எங்கள் வீட்டு மாடுகூடத் திரும்பிப் பார்க்காது.

"மொதல்ல கல்லக் காட்டு தம்பி. பொண்ணப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அவர் பைக்கை ஒரு மரத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் புளியிலை. முகமெல்லாம் என் மேல் கோபம்.

சாவடி நிறைய ஆட்கள், அவரவர் தூணில் சாய்ந்தபடி. அவரவர் தூண் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் சாவடியில் ஒவ்வொரு தூணும் ஒரு வகையறாவுக்குச் சொந்தம். அந்த வகையறா ஆட்களும் அவர்களுக்குச் சம்பந்தி ஆனவர்களும்தான் அதில் முதுகு வைக்கலாம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முதுகுகளுக்குத் தெரியும்.

வந்தவர் ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லு. எல்லாத்தையும் எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க" என்றார் அதில் சாய்ந்திருந்த நாட்டாமை. "இத மட்டும் வுட்டுடுங்க. எங்க பரம்பரை சாஞ்ச தூணு."

எனக்கு முதல் விக்கல்.

அடுத்த தூண்காரர் நிமிர்ந்தார். "அவரு தூணு நின்னு எங்க தூணு போச்சுன்னா எங்களுக்கு இன்னா மரியாத? எங்களுதையும் வுட்டுடுங்க. மத்ததெல்லாம் உங்களுது."

இப்படியே சுற்றி வந்தது, தூணுக்கு ஒரு விக்கலாக. கடைசியில் எங்கள் தூண். அதில் என் அப்பா. பெற்ற மகன் கல்யாணமாயிற்றே, காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"நம்ம தூண வுட்டுட்டு மீதி எத்தினி வேணா எடுத்துக்கட்டும்."

"மீதி எங்கப்பா இருக்குது?"

"மேல பாரு. கூர இருக்குது."

வெளியே படியில் உட்கார்ந்திருந்த கரும்பு வெட்டும் ஆள் கையைத் தூக்கினார். "எங்கள எந்தக் காலத்துலயும் தூணாண்ட வுட்டதில்ல. படிதான் எங்க பங்கு. அதத் தொடாதீங்க." தூண்காரர்கள் எல்லாரும் கூரையில் தொங்கிய வௌவால்களை எண்ணத் தொடங்கினார்கள்.

வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அங்க ரோடு பூரா மரத்தப் போட்டுக்கினு ஒதுக்கீடு கேக்கறாங்க. இங்க நீங்க தூணுலேர்ந்து படி வரைக்கும் ஒதுக்கியே முடிச்சிட்டீங்க. எனக்கு இன்னா? வௌவாலா?"

"வௌவாலு எத்தினி வேணா எடுத்துக்குங்க" என்றார் நாட்டாமை, உண்மையான பெருந்தன்மையோடு.

கல்யாணம் போச்சு. என் விக்கல் கல்கூரையில் மோதி எனக்கே திரும்பி வந்தது. கல்வராயன் மலைக்கு ஓடிப்போய்க் கடுக்காய் பொறுக்கிப் பிழைப்பது என்று முடிவெடுத்தேன். கடுக்காய் மரம் எப்படி இருக்கும் என்று தெரியாததுதான் ஒரே தடங்கல்.

அந்த நேரம் பார்த்து அப்பா வெற்றிலை துப்ப எழுந்து போனார். வந்தவருக்கு முட்டிவலி. அத்தனை மரம் ஏறி இறங்கிய முட்டி. காலியான தூணைப் பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்துவிட்டார்.

சாவடியில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"அப்ப சம்பந்தம் முடிஞ்சிபோச்சா?" என்றார் நாட்டாமை. "ஊருக்கு ஒரு வார்த்த சொல்லலியே!"

தூண் விவரம் தெரிந்ததும் பெண்ணின் அப்பா பதறி எழுந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தார்.

"அது எங்களுதுங்க. எங்க வூட்ல கட்டற வயசுல பையன் இல்ல."

அதற்கடுத்த தூண்காரர், "எங்க பையன் மூணாவது படிக்கறானுங்க. காத்துக்கினு இருக்கறதுன்னா சாஞ்சிக்குங்க" என்றார்.

வந்தவர் படியைப் பார்த்தார். கரும்பு வெட்டுகிறவர் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

வெளியே வெயில். திரும்பிப் போகவும் அதே மரங்கள். அவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தன் முட்டியைப் பார்த்தார். முட்டி ஜெயித்தது.

"மொதல்ல இவனுக்கு யாரனா தண்ணி குடுங்கப்பா" என்றபடி எங்கள் தூணுக்கே திரும்பி வந்து சாய்ந்தார். தண்ணீர் வருவதற்குள் விக்கல் நின்றுவிட்டது.

வெல்லக் கொட்டகைக்கு அவர் பனங்கட்டை போட்டுக்கொண்டார். சாவடி இன்றைக்கும் ஒழுகுகிறது. வீட்டில் சண்டை முற்றும்போதெல்லாம் என் மனைவி சொல்வது ஒன்றுதான்.

"எங்கப்பாவுக்கு அன்னிக்கு முட்டி மட்டும் வலிக்காம இருந்திருந்தா…"

எனக்கு உடனே விக்கல் வந்துவிடும்.