ஜமீலா டாக்டர் மூடச் சொன்ன கிணறு

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒரு காலத்தில் எங்களோடு வேலை பார்த்த நர்ஸ் மேரி. "சார், உங்களுக்குத் தெரியாதா? ஜமீலா டாக்டர் போயிட்டாங்க. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

எண்பதுகளில் திருவண்ணாமலையில் அவரிடம் ரத்தப் பரிசோதனைக்கு விரல் நீட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் டாக்டர். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். கை கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவர்களை, "ஏம்ப்பா, கிருமிக்கும் சேத்துதான் சோறு கொண்டாந்தியா?" என்று உரக்கக் கேட்டுச் சிரிப்பார். அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டது ஒரு மழைக்காலத்தில்தான்.

அந்த ஐப்பசியில் என் மகள் செல்விக்கு டைபாய்டு வந்தது. அடுத்த வீட்டுக் கன்னியப்பனின் மகன் குமாருக்கும் அதே காய்ச்சல். டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோரம்பெனிகாலை நானே வேளை தவறாமல் கொடுத்தேன். எத்தனையோ பேரை எழுப்பி உட்கார வைத்த மருந்து. காய்ச்சல் இறங்கவில்லை. செல்வி என்னை யாரோ என்பதுபோலப் பார்த்தாள்.

டாக்டர் என்னைக் கூடத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். செல்வியின் ரத்தத்திலிருந்து வளர்த்த கிருமி ஒரு கண்ணாடித் தட்டில் இருந்தது. அதன்மேல் மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெற்றிடம் தெரியும். நாங்கள் கொடுத்துவந்த மருந்தின் வில்லையைக் கிருமி விளிம்புவரை நெருக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது.

"குமாருக்கும் இதேதான். இந்தத் தட்டு நம்ம ஆஸ்பத்திரி சாக்கடைத் தண்ணி. இது உங்க தெருக் கிணத்துத் தண்ணி" என்றார். எல்லாவற்றிலும் அதே கிருமி. "பைப்பு எங்கியோ உடைஞ்சிருக்கு, சார். நம்ம மருந்துல சாவாதது நோயாளி வயித்துலேர்ந்து சாக்கடைக்குப் போயி, உங்க குடத்துக்கு வந்துடுச்சு. எனக்கு பயமா இருக்கு."

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கூட்டமும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் சேந்தும். அன்று மாலையே டாக்டர் எங்கள் தெருவுக்கு வந்து கிணற்றை மூடச் சொன்னார்.

ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது. எங்க கிணத்துல என்னா குத்தம்?"

"குத்தம் கிணத்து மேல இல்லீங்க, எங்க மேல. இங்க குடிச்சிட்டு ஜனம் அந்தக் கிருமியோட ஊர் ஊருக்குப் போவும். அங்க இருக்கற டாக்டருங்க இந்த மருந்தக் குடுத்துட்டு வேடிக்கைதான் பாக்கணும்."

யாரும் நகரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து குமார் முனகுவது கேட்டது. கன்னியப்பன் வேலி முள்ளை இழுத்துவந்து கிணற்றின்மேல் போட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் குடத்தோடு வரவில்லை.

புதிதாக வந்திருந்த ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் தட்டில் வெற்றிடம் இருந்தது. ஊரில் எந்தக் கடையிலும் அது இல்லை. டாக்டரின் தம்பி மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிவந்தார். செல்வி பிழைத்தாள். குமாருக்கு அதற்குள் குடல் ஓட்டையாகிவிட்டிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

அவனைத் தூக்கிப் போன பிறகு டாக்டர் எங்கள் வாசலிலேயே நின்றார். "இந்த மருந்து மட்டும் எத்தனை நாளைக்கு, சார்? இதையும் ஜாஸ்தியா குடுப்போம். இதுக்கும் கிருமி சாவாமப் போயிடும். அப்புறம்?" என்றார்.

குழாயை மாற்றினார்கள். கிணற்றைத் தூர்த்தார்கள். ஓய்வு பெறும்வரை அவர் சாக்கடைத் தண்ணீரை எடுத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார். என் ஜன்னலுக்கு வந்து, "இன்னும் இருக்கு, சார்" என்பார், யாருக்கும் கேட்காத குரலில்.

மெட்ராஸிலிருந்து தேடிக் கொண்டுவந்த அந்த மருந்தை இப்போது தெருமுனைக் கடையில் சளிக்குக்கூடக் கேட்டு வாங்குகிறார்கள்.

செய்தி கேட்டுத் திரும்பிய அன்று, பேரனுக்குக் கொடுத்து மீந்த அதே மருந்தை சிங்க்கில் ஊற்றப் போனேன். சாய்த்த கை அப்படியே நின்றது. சாக்கடைக்குத் தண்ணீர் போகும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தம் பயத்தை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அதை நான் போக்கிக்கொள்ளப் போவதில்லை.